ஷேரில் பணம் போடப் போகிறாயா? உட்கார், அக்கா சொல்கிறேன்

முதலில் அந்த டெலிகிராம் குரூப்பை விட்டு வெளியே வா. அப்புறம் பேசலாம். "காலையில் வாங்குங்கள், மத்தியானம் டபுள்" என்று தினமும் மெசேஜ் போடுகிறவனுக்கு உன்மேல் என்ன பாசம்? அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதைத் தள்ளிவிட ஒரு தலை வேண்டும். அது உன் தலையாக இருக்கட்டும் என்று பார்க்கிறான். வெளியே வந்துவிட்டாயா? சரி.

உனக்கு நேரம் இல்லை, தெரியும். சிதம்பரத்தில் வீடு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ், பாதி நாள் பஸ்ஸிலேயே போகிறது. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிக்கிறாய். அதை வைத்து என்ன செய்யலாம், முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன். வரிசையை மாற்றாதே. தப்பான ஷேரை வாங்கிக் கெட்டவர்களைவிட, ஐப்பசி மாதச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை ஷேரில் போட்டுக் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. மழைக்காலப் பணத்தைத் தனியாக எடுத்து வை.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும், உனக்கு வேண்டியதில்லை. 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயல். எல்லாமே நவம்பர், டிசம்பரில். அந்த இரண்டு மாதத்தில் கடை மூடும், கூலி நிற்கும், வண்டி தண்ணீரில் மூழ்கும். அதே வாரத்தில் ஷேர் மார்க்கெட்டும் இறங்கிக் கிடந்தால் நஷ்டத்துக்கு விற்றுவிட்டுத்தான் அரிசி வாங்க வேண்டும். ஆகவே மூன்று மாத வீட்டுச் செலவு கையில் சேரும்வரை ஷேர் என்ற பேச்சே வேண்டாம். மீன்பிடித் தொழிலை நம்பிய வீடு என்றால் ஆறு மாதச் செலவு. அவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமும் இருக்கிறதே.

2. அந்தப் பணத்தில் பாதி பேங்கில், பாதி லிக்விட் ஃபண்டிலோ மணி மார்க்கெட் ஃபண்டிலோ.

பெயரைக் கேட்டு மிரளாதே. இந்த ஃபண்டுகள் ஷேர் வாங்குவதில்லை. குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கின்றன. அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வெளியிடும் கருவூல உண்டியல்கள், பேங்குகள் தரும் டெபாசிட் சான்றிதழ்கள், பெரிய கம்பெனிகளின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள், இவைதான் உள்ளே இருக்கும். லிக்விட் ஃபண்ட் 91 நாட்களுக்குள் முடிகிற கடனில்தான் போட வேண்டும், மணி மார்க்கெட் ஃபண்ட் ஒரு வருஷத்துக்குள் முடிகிற கடனில்தான் போட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி வைத்திருக்கும் விதி. காலம் குறைவு என்பதால் ஏற்ற இறக்கமும் குறைவு.

எவ்வளவு கிடைக்கும்? நாட்டில் வட்டி எப்படியோ அப்படி. ஆறு, ஏழு சதவீதம் கிடைத்த வருஷங்களும் உண்டு. 2021 வாக்கில் நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியதும் உண்டு. சேமிப்புக் கணக்கில் இரண்டரை, மூன்று சதவீதத்தில் தூங்குகிற 20,000 ரூபாயை இங்கே மாற்றினால் அந்த ஆறு, ஏழு சதவீத வருஷத்தில் எழுநூறு, எண்ணூறு ரூபாய் கூடுதலாக வரும். இதில் நீ பணக்காரி ஆகப் போவதில்லை. ஆனால் பணம் கண்முன் கிடக்காது, நினைத்தவுடன் ஜிபே அடிக்க முடியாது. எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

விற்றால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் பேங்குக்கு வந்துவிடும். சில லிக்விட் ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதியும் உண்டு. ஒரு நாளில் 50,000 ரூபாய் அல்லது போட்டதில் 90 சதவீதம், இதில் எது குறைவோ அதுவரை. லிக்விட் ஃபண்டில் போட்ட ஒரு வாரத்துக்குள் எடுத்தால் மிகச் சிறிய தொகை பிடிப்பார்கள். பொங்கல் செலவுக்கு முந்தின நாள் போட்டுவிட்டு மறுநாள் எடுக்கிற விளையாட்டெல்லாம் வேண்டாம்.

இப்போது திட்டு. "அப்ப இது எஃப்டி மாதிரிதானே அக்கா?" என்று கேட்காதே. இல்லை. பேங்கில் போட்டால் ஒருவருக்கு ஒரு பேங்கில் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. ஃபண்டுக்குக் கிடையாது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில், பரங்கிப்பேட்டைப் பக்கம் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறதே, அதைக் கட்டிய ஐஎல்&எஃப்எஸ் குழுமத்தை நினைத்துப் பார். 2018 ஆகஸ்ட் வரை அதன் கடன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரச் சான்று இருந்தது. செப்டம்பரில் தவணை கட்ட முடியாமல் கையை விரித்தார்கள். அந்தப் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் மதிப்பு ஒரே நாளில் விழுந்தது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை இழுத்து மூடியது இன்னொரு பாடம். அவை லிக்விட் ஃபண்டுகள் அல்ல. கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்த ஃபண்டுகள். பணம் பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்தவளுக்கு "பிற்பாடு" என்றால் என்ன பிரயோஜனம்?

ஆகவே சுருக்கு வழி இதுதான்: பெரிய ஃபண்ட் நிறுவனமாகப் பார், பல ஆயிரம் கோடி இருக்கிற ஃபண்டாகப் பார். மற்ற லிக்விட் ஃபண்டுகளைவிட ஒன்று மட்டும் அரை சதவீதம் கூடக் கொடுத்தால், அதை விட்டு ஒதுங்கு. அந்த அரை சதவீதம் சும்மா வருவதில்லை.

லாபம் வெளியே வராமல் உள்ளேயே சேர்கிற "குரோத்" என்ற வகையையே தேர்ந்தெடு. லாபத்துக்கு உன் வருமான வரி விகிதப்படி வரி. வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்றால் கவலை இல்லை.

3. பெயரைச் சரிசெய். இதைச் செய்யாமல் என்னிடம் "கேஒய்சி ரிஜெக்ட் ஆகிறது அக்கா" என்று வராதே.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கிற தொல்லை இது. ஆதாரில் இனிஷியல் முன்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பேங்க் பாஸ்புக்கில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய புருஷன் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று பெண்கள். ஒரு நாள் லீவு போட்டாவது ஆதார், பான், பேங்க் மூன்றிலும் ஒரே எழுத்தில் ஒரே மாதிரி பெயர் இருக்கும்படி மாற்று. பிறந்த தேதியையும் பார். பள்ளியில் சேர்க்கும்போது போட்ட தேதி ஒன்று, உண்மைத் தேதி ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய. செல் நம்பர் ஆதாரோடு இணைந்திருக்கட்டும். இது முடிந்தால் மீதி எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்.

4. மாதாமாதம் தானாகப் பணம் போகிற எஸ்ஐபியின் தேதியைச் சம்பளத்துக்கு மறுநாள் வை.

மாதக் கடைசியில் மிச்சமானதைப் போடுகிறேன் என்கிறாயா? மிச்சம் ஆகாது. 10ஆம் தேதி என்று வைத்துவிட்டு 8ஆம் தேதியே கணக்கைத் துடைத்துவிட்டால், பணம் எடுக்க முடியாமல் திரும்பும்; அதற்கு பேங்க் தனியாக அபராதம் போடும். 500 ரூபாய் எஸ்ஐபிக்கு முந்நூறு, நானூறு தண்டம் கட்டியவர்கள் உண்டு. 500கூட அதிகம் என்றால் 2025 பிப்ரவரியிலிருந்து 250 ரூபாய்க்கும் எஸ்ஐபி வந்திருக்கிறது.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு வேறு வழி. கரும்புப் பணம், முந்திரிப் பணம், மீன் சீசன் பணம் மொத்தமாக வரும். அதை லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே நிறுவனத்தின் ஷேர் ஃபண்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தானாகப் போகும்படி எஸ்டிபி எழுதிக் கொடு. ஒருமுறை செய்தால் போதும்.

5. முதல் ஷேர் எது வாங்கலாம் என்று கேட்காதே. முதலில் இண்டெக்ஸ் ஃபண்ட்.

நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில் போட்டால் நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளிலும் உனக்குத் துளித்துளி பங்கு. எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டையும் படிக்க வேண்டாம். ஒன்று கெட்டால் வெளியே போகும், இன்னொன்று உள்ளே வரும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதைவிட நேரம் மிச்சப்படுத்துகிற முதலீடு எனக்குத் தெரியாது.

ஆனால் இறங்கும். நன்றாகவே இறங்கும். 2020 ஜனவரியில் 12,400 வரை போன நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் வந்து நின்றது. 10,000 ரூபாய் இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 6,100 ஆயிற்று. பயந்து விற்றவர்களுக்கு அந்த நஷ்டம் நிலைத்துவிட்டது. பேசாமல் இருந்தவர்கள் நவம்பரில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள். எல்லா முறையும் எட்டு மாதத்தில் திரும்பும் என்று நான் எழுதித் தர மாட்டேன், வருஷக்கணக்கிலும் ஆகலாம். முந்திரிக் கன்று நட்ட பண்ருட்டிக்காரர் அடுத்த மாசமே கொட்டை பொறுக்கப் போவதில்லை. ஐந்து, ஏழு வருஷத்துக்குத் தொட வேண்டியிராத பணம் மட்டும் இங்கே. மூன்று வருஷத்தில் கல்யாணமா? அந்தப் பணத்துக்கு இங்கே வேலையில்லை.

ஃபண்டில் டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு உண்டு. ரெகுலரில் ஏஜென்டுக்கு வருஷா வருஷம் கமிஷன் போகும். நீயே போனில் செய்துகொள்வாய் என்றால் டைரக்ட் எடு. ஃபார்ம் நிரப்ப, பயந்தால் தைரியம் சொல்ல ஆள் வேண்டும் என்றால் ரெகுலரில் போடு, தப்பே இல்லை. அவருக்குக் காசு போகிறது என்று தெரிந்து போடு, அவ்வளவுதான். அவரிடம் ஏஆர்என் நம்பர், அதாவது ஃபண்ட் விற்பதற்கான பதிவு எண், கேள். முகம் சுளித்தால் அடுத்த ஆளைப் பார்.

6. ஊர்ப்பாசத்தில் ஷேர் வாங்காதே.

இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். தினமும் பார்க்கிற கம்பெனிதானே, நெல்லிக்குப்பம் ஆலை ஓடுகிறது, நெய்வேலியில் புகை வருகிறது, நமக்குத் தெரியாததா என்பாய். வாசலில் லாரி போவது தெரியும். கடன் எவ்வளவு என்று வாசலில் நின்றால் தெரியாது.

2013இல் நெய்வேலி என்எல்சியில் மத்திய அரசு தன் பங்கை 90 சதவீதமாகக் குறைக்கக் கிளம்பியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே அந்த 3.56 சதவீதத்தை வாங்கிக்கொண்டன. அந்த உரிமையுணர்வு எனக்கும் உண்டு. ஆனால் வீட்டுக்காரருக்குச் சம்பளம் என்எல்சியில், குடியிருப்பு என்எல்சியில், தம்பி காண்ட்ராக்ட் என்எல்சியில் என்று இருக்கிறவள் சேமிப்பையும் அங்கேயே வைத்தால், ஒரு இடத்தில் சறுக்கினால் நாலும் சறுக்கும். கம்பெனி நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

கடலூரில் நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வருகிறது என்று ஊரே காத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? நிலம் வாங்கினார்கள், கட்டினார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து நொறுக்கியது. ஏற்கெனவே கடனில் இருந்த திட்டம் எழுந்திருக்கவில்லை. 2018இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அந்த ஆலையையே முக்கியச் சொத்தாகக் கொண்ட கம்பெனியின் பங்கு பங்குச் சந்தையில் இருந்தது. "நம்ம ஊர் ஆலை, ஓட ஆரம்பித்தால் எங்கேயோ போகும்" என்று வாங்கியவர்களின் பணம்தான் எங்கேயோ போனது.

ஆசை அடங்கவில்லையா? மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், தனி ஷேர் இரண்டு மூன்று வாங்கிப் பழகு. அதற்கு மேல் கூடாது.

7. பேங்கில் பணம் போடுவதும் பேங்க் ஷேர் வாங்குவதும் ஒன்று என்று நினைக்காதே.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்கை எடுத்துக்கொள். 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று தடை வந்தது. பத்து நாளில் டிபிஎஸ் பேங்கோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. ஷேர் வைத்திருந்தவர்களுக்கு? பூஜ்யம். மொத்தப் பங்கு மூலதனத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். "விலை பத்து ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டதே, இனி எங்கே இறங்கும்" என்று கடைசி வாரத்தில் வாங்கினவர்களும் இருந்தார்கள். விலை குறைந்த ஷேர் என்பதற்காக எதையும் வாங்காதே. பத்து ரூபாய் ஷேரும் பூஜ்யத்துக்குப் போகும்.

8. ஐபிஓ பைத்தியம் வேண்டாம்.

நம் கடலூர் சிப்காட்டில் பிவிசி ஆலை வைத்திருக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் 2021 ஆகஸ்டில் 541 ரூபாய்க்கு ஐபிஓவில் பங்கு வெளியிட்டது. பின்னாளில் அந்த விலைக்குக் கீழே இறங்கவும் இறங்கியது. விற்கிறவருக்கு நல்ல விலை கிடைக்கும் நேரத்தில்தான் ஐபிஓ வரும். உனக்கு அவசரம் என்ன?

9. எஃப்&ஓ, இண்ட்ராடே இரண்டையும் தொடாதே. முதலாவது, பின்னால் வரப்போகும் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்; இரண்டாவது, அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பது.

2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப்&ஓவில் விளையாடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. நூறில் ஏழு பேரில் நீ ஒருத்தியாக இருப்பாய் என்று எந்த ஜோசியர் சொன்னார்? ஆப்பில் அந்தப் பகுதியை ஆரம்பத்திலேயே திறக்காதே. இப்போதே திறந்திருந்தால் மூடச் சொல்லி எழுது.

10. நகையை அடகு வைத்து ஷேர் வாங்காதே. கைமாற்று வாங்கியும் வாங்காதே. இதற்குக் காரணம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

11. சில்லறைச் செலவைக் கவனி.

ஷேர் இருக்கும் டீமேட் கணக்குக்கு வருஷக் கட்டணம் வாங்குகிறார்களா என்று பார். உன் பெயரில் ஒரே ஒரு டீமேட்தான் இருக்கிறது, மதிப்பு 4 லட்சத்துக்குள் என்றால் 2024 செப்டம்பரிலிருந்து அடிப்படைச் சேவைக் கணக்குக்கு வருஷக் கட்டணம் கிடையாது. மூன்று ஆப்பில் மூன்று கணக்கு திறந்து வைத்தால் இந்தச் சலுகை போச்சு. ஷேரை விற்கும்போது டிபி கட்டணம் என்று ஒன்று பிடிப்பார்கள். ஒரு ஷேர் விற்றாலும் நூறு விற்றாலும் அதே தொகை. அது பதினைந்து ரூபாய் என்றால், 200 ரூபாய் ஷேர் ஒன்றை விற்கிறவளுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் அதிலேயே போயிற்று. அடிக்கடி வாங்கி விற்காதே என்று சொல்வது இதற்கும்தான். ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்கு மேல் வைத்திருந்தால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதைத் தாண்டினால் 12.5 சதவீதம்.

12. ஆள் யார் என்று பார்த்துப் பணம் அனுப்பு.

ஆருத்ரா கோல்டு கதை ஊருக்கே தெரியும். மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்றார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்கிறது. நடராஜர் சந்நிதியில் ஆருத்ரா தரிசனத்துக்கு நிற்கிற நமக்குச் சாமி பேரைக் கேட்டால் மனசு இளகிவிடும். அது அவர்களுக்கும் தெரியும். ஒரு நிமிஷம் கணக்குப் போடு. மாதம் 30 சதவீதம் என்றால் லட்சத்துக்கு வருஷம் 3.6 லட்சம் வட்டி. அப்படி லாபம் வருகிற தொழில் இருந்தால் அவன் உன்னிடம் எதற்கு வருகிறான்? பேங்குக்குப் போய்ப் பத்து சதவீதத்தில் கடன் வாங்கிக்கொள்ள மாட்டானா?

இப்போது அதே ஆட்கள் வேறு வேஷத்தில் வருகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பார்கள், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அதில் உன் 10,000 ரூபாய் ஒரு வாரத்தில் 40,000 ஆனதாகக் காட்டுவார்கள். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். கட்டாதே. உடனே 1930க்குப் போன் பண்ணு. மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

பார்க்க வேண்டியது மூன்றுதான். ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்றும், ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐஎன்எச் என்றும் ஆரம்பிக்கிற செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்தில் நீயே தேடு. அவன் அனுப்பும் போட்டோவை நம்பாதே. தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதே. 2025 அக்டோபரிலிருந்து பதிவு பெற்ற புரோக்கர்களுக்கும் ஃபண்டுகளுக்கும் யுபிஐ முகவரியில் "வேலிட்" என்ற சொல் வரும், பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் சின்னம் தெரியும், அதைப் பார். புரோக்கர்மீதே புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது, 1800 22 7575 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

13. நாமினி போடு, இமெயில் உன்னுடையதாக இருக்கட்டும்.

சாகிற பேச்சு எதற்கு என்று தள்ளிப் போடாதே. நாமினி இல்லாத கணக்குக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு அலையப் போவது உன் பிள்ளைகள். ஃபோலியோ எண், டீமேட் எண், எந்த பேங்க் என்பதை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது காட்டு. பாஸ்வேர்டை அதில் எழுதாதே. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே, ஏஜென்டுக்கும்தான். முக்கியமாக ஒன்று: கணக்கு திறக்கும்போது பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்துக்கு அவன் இமெயிலைப் போட்டுக் கொடுத்திருப்பான். மாதாமாதம் வரும் கணக்கு அறிக்கை எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கும். இன்றைக்கே திறந்து பார், அவனுடையதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் மாற்று.